மூன்றாவது ஓட்டை

பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்கும்போதே ஃப்ரீசர் கத்தினான். நுரைக்குள்ளிருந்து வந்த கத்தல் என்பதால் என்ன சொன்னான் என்று யாருக்கும் விளங்கவில்லை. பிரஷ்ஷை எடுத்து, துப்பிவிட்டு, முதலிலிருந்து மறுபடி கத்தினான்.

"எவ பண்ண வேலை இது? மறுபடியும் ஓட்டை! மூணாவது ஓட்டை!"

எவள் பண்ணிய வேலை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் இருப்பதே மூன்று பேர். ஒருத்தி மகள். போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அலாரத்தை அணைக்கவே அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். டிரில் மெஷினைத் தூக்குகிற ரகம் இல்லை. இன்னொருத்தி மனைவி. ஆனால் மனைவியோடு பேச்சு நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. பேசாதவளை முகத்துக்கு நேராகத் திட்டினால் அது பேசியதாக ஆகிவிடும். அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு, பனிமூட்டத்தைப் பார்த்துத் திட்டினான்.

ஓட்டை முயல் பெட்டியின் பின்சுவரில், கூரைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. கட்டைவிரல் நுழைகிற அளவு. தகடு பிசிறில்லாமல் வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. அவனுடைய டிரில், அவனுடைய பிட். அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

ஃப்ரீசர் என்பது வேலையிடத்தில் வைத்த பேர். மீன், கறி, ஐஸ்கிரீம், ஊசி மருந்து என்று கெட்டுப்போகிற எதையும் கெடாமல் வைக்கும் குளிர் அறைகளைக் கட்டுவது அவன் தொழில். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. ஆளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். காலையில் போட்ட கையுறை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்கூடச் சாயங்காலம் வரை கொதித்துக்கொண்டிருப்பான். அந்தக் கொதிப்புக்குத்தான் கூட வேலை செய்பவர்கள் சிரித்துக்கொண்டே ஃப்ரீசர் என்று பேர் வைத்தார்கள். ஆனால் வேலையில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. அவன் கட்டிய அறையின் கதவை மூடினால் ஓர் ஊசி நுழைய இடம் இருக்காது.

முயல் பெட்டியையும் அப்படித்தான் கட்டியிருந்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பேனல்கள், குளிர் அறை வேலையில் மிஞ்சியவை. தரையின் சில்லிப்பு ஏறாமலிருக்க நாலு இரும்புக் கால்கள். மழையும் பனியும் வழிய சாய்ந்த கூரை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. மூடினால் 'சப்' என்று ஒரு சத்தம் வரும்; அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவன் முகத்தில் ஒரு திருப்தி வரும். காற்றுக்கும் வழி வைக்காமல் இல்லை. கதவுக்குக் கீழே விரல் பருமனில் ஒரு குழாய். மூச்சு விட அது போதும், அதற்கு மேல் நுழைகிற காற்றெல்லாம் எதிரி என்பது அவன் கணக்கு.

உள்ளே இருந்தவை இரண்டு முயல்கள். வெள்ளைக்குப் பேர் பஞ்சு, கறுப்புக்குப் பேர் கரி. இரண்டும் அவனுடையவை அல்ல. அதில்தான் இருந்தது சங்கடமே.

அவை அவன் தங்கையுடையவை. அவள் நர்ஸ். தனி ஆள். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் குளிர்காலம் முடியும்வரை வேலை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, இரண்டு கூடைகளில் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே பொடி எழுத்தில் முன்னும் பின்னும் எழுதிய ஒரு தாள். "அண்ணா, வேற யார்கிட்டயும் விட எனக்கு மனசு வரல. உன்கிட்டதான் விட்டுட்டுப் போறேன்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த 'உன்கிட்டதான்' அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

ஏனென்றால் முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவனுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது, வீட்டில் ஒரு சாம்பல் நிற முயல் இருந்தது. தங்கையின் உயிர் அது. ராத்திரி அதன் பெட்டிக் கதவை மூடுவது அவன் வேலை. ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோனான். அன்று பார்த்து நல்ல குளிர். காலையில் கதவு திறந்து கிடந்தது, முயல் விறைத்துக் கிடந்தது. அப்பா பெல்ட்டை உருவி அவனை விளாசினார். அந்த அடி மறந்துபோய்விட்டது. தங்கை அழாமல், ஒரு வார்த்தை பேசாமல் சுவரோரமாக நின்றாளே, அதுதான் இன்றுவரை மறக்கவில்லை. அவள் மன்னிக்கவே இல்லை என்று அவன் நினைத்திருந்தான். அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அதனால் இந்த முறை இந்த இரண்டு முயல்களையும் உயிரோடு அவள் கையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தலை போனாலும் சரி. குளிர் ஓர் ஊசியளவுகூட உள்ளே போகக் கூடாது. அவன் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கட்டிய மனைவியே ஓட்டை போட்டால் எப்படி இருக்கும்?

முதல் ஓட்டையைப் பார்த்தபோது அவன் மனைவியைச் சந்தேகப்படவில்லை. மாடியில் குடியிருந்த டிரைவிங் ஸ்கூல்காரர் மீதுதான் பாய்ந்தான். அந்த மனுஷனுக்கு முயல் வாடை பிடிக்காது என்று எப்போதோ ஒரு தரம் சொன்னதை மனதில் வைத்திருந்தான். படியேறிப் போய்க் கதவைத் தட்டி, "ஏன் சார், வாயில்லா ஜீவன் உங்களை என்ன பண்ணுச்சு?" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினான். டிரைவிங் ஸ்கூல்காரர் லுங்கியோடு நின்று பொறுமையாகக் கேட்டார். தினமும் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய பொறுமை.

"முடிச்சிட்டீங்களா?" என்றார். "எனக்கு ஒரு ஆணி அடிக்கணும்னாலே உங்க வீட்டம்மாவைத்தான் கூப்பிடறேன். அவங்கதான் டிரில் போட்டுத் தர்றாங்க. அவங்களைக் கேளுங்க."

அசடு வழியக் கீழே இறங்கி வந்தான். மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"நான்தான் போட்டேன். உள்ள ஈரம் தங்குது. கையை உள்ள விட்டுப் பாருங்க."

அவனை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து, உட்கூரையைத் தடவி உள்ளங்கையைக் காட்டினாள். கை நனைந்திருந்தது. கீழே அவன் ஆசையாக விரித்திருந்த பழைய மெத்தைத் துண்டு சொதசொதவென்று கிடந்தது. "இது என்ன?" என்றாள். "எனக்குக் கண்ணு எரியுது. உங்களுக்கு எரியலையா?"

அவனுக்கு எரியவில்லை. பெரிய குளிர் அறைகளில் ஓடுவது அமோனியா வாயு. வருஷக்கணக்கில் அதை இழுத்து இழுத்து அவன் மூக்கும் கண்ணும் அந்த நெடிக்கு மரத்துப்போய்விட்டன. முயல் மூத்திரத்திலிருந்து கிளம்புவதும் அதே நெடிதான் என்று அப்போது அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் தொழில் பாடம். குளிர் அறையில் சுவர் வேர்த்தால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ கசிவு இருக்கிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. தேடிப்பிடித்து அடை.

"வேர்க்குதுன்னா லீக்குன்னு அர்த்தம்," என்றான். "நீ போட்ட ஓட்டையாலதான் வேர்க்குது."

"ஓட்டை போட்டது நேத்து. போன வாரத்துல இருந்து வேர்க்குது."

"அப்ப வேற எங்கயோ லீக்கு இருக்கு. அதையும் அடைக்கிறேன்."

"ஐயோ, ஈரம் அதுங்க விடற மூச்சுல இருந்து வருதுங்க! போற வழி இல்லாம உள்ளயே நிக்குது. ஈரத்துணிய மூட்டை கட்டி வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? காத்து ஓடினாத்தான் காயும்."

அவள் வேலை பார்ப்பது மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். ஷிஃப்டு முழுவதும் மலைமலையாகப் படுக்கை விரிப்புகள், நீராவி, உலர்த்தும் இயந்திரம். ஈரத்தோடு பத்தொன்பது வருஷம் மல்லுக்கு நின்றவள் சொல்கிறாளே, ஒரு நிமிஷம் காது கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவன் வாய் எப்போதும் காதை முந்திக்கொண்டு ஓடும்.

"துணி துவைக்கிறவ எனக்கு இன்சுலேஷன் சொல்லித் தர்றியா?" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிரச் சண்டை நிற்கவில்லை. நடுவில் மகள் மாட்டிக்கொண்டாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற தாளைப் படிக்கச் சொல்லு. அவரு தங்கச்சி அவருக்குன்னு எழுதினது."

"அப்பா, ஃப்ரிட்ஜ்ல ஒரு தாள்..."

"எனக்குக் காது கேக்குது. உங்கம்மாகிட்ட சொல்லு. மூணு வேளை சோறு வெக்கிறதுக்கு எனக்குத் தாளு வேணாம். இருபத்தாறு வருஷமா..."

"அம்மா, இருபத்தாறு வருஷமாம்."

"எந்த இருபத்தாறு?"

"அதேதான்மா. நேத்துச் சொன்ன இருபத்தாறுதான்."

தங்கை கொடுத்த அன்றே அந்தத் தாளை ஒரு காந்தத்தின் கீழ்ச் செருகியவன், அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மேலாக ஒரு தரம் கண்ணை ஓட்டினான். 'உலர்ந்த புல் தினமும்' என்று முதல் வரி. இதற்கெல்லாம் பாடமா என்று விட்டுவிட்டான். மனைவிதான் அதை இரண்டு பக்கமும் படித்திருந்தாள். அவன் வேலைக்குப் போனதும் நனைந்த மெத்தைத் துண்டை எடுத்து வீசிவிட்டு வைக்கோல் பரப்புவாள், மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை கதவைத் திறந்து வைப்பாள், கிளம்பும்போது மூடுவாள். இரண்டாவது ஓட்டை போட்டாள். அவன் நுரை பீச்சி அடைத்தான். இன்று மூன்றாவது.

அன்று காலை வானொலியில் நாலு நாளுக்குக் கடுங்குளிர் என்று சொல்லியிருந்தார்கள். குழாயில் தண்ணீர் உறையும் என்றார்கள். ஃப்ரீசர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூன்றாவது ஓட்டையில் நுரையைப் பீச்சி, மேலே தகட்டுத் துண்டு வைத்துத் திருகினான். மூலைகளிலெல்லாம் பசை இழுத்தான். கதவுக்குக் கீழே இருந்த குழாயில் கையை வைத்துப் பார்த்தான்; சில்லென்று இருந்தது. அதில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகினான், காற்று வடிகட்டி வரட்டும் என்று. டிரில்லைக் கொண்டுபோய் வேனில் போட்டுப் பூட்டினான். அதோடும் மனசு ஆறவில்லை. பெட்டிக் கதவுக்கே ஒரு பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இப்ப போடச் சொல்லு ஓட்டை!" என்று பனிமூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

அந்த நாலு நாளும் மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை. மனைவி விடிவதற்கு முன்னால் போய்விட்டுச் சாயங்காலம் நடைப்பிணமாகத் திரும்பினாள். வந்ததும் மகளிடம், "சாவியைக் கேளு," என்பாள். "குளிர் தணிஞ்சதும் தர்றேன்னு சொல்லு," என்பான் அவன். காலையும் மாலையும் அவனே பூட்டைத் திறந்து புல்லும் தண்ணீரும் வைத்தான். அவசர அவசரமாக வைத்துவிட்டு, குளிர் நுழைவதற்குள் 'சப்' என்று மூடினான். இரண்டாம் நாள் கரி முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தது. காலின் மயிர் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருந்தது. முகம் கழுவுகிறது, சுத்தமான ஜீவன் என்று நினைத்துக்கொண்டான். பாவி மனுஷன், அதை ரசித்து வேறு பார்த்தான்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, மீன் கிடங்கு ஒன்றில் கதவு தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது மகளின் போன் வந்தது. குளிரால் கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள்.

"அப்பா, பெட்டிக்குள்ள இருந்து ஏதோ சத்தம் வருது. கொர்ரு கொர்ருன்னு. மூச்சு விடறதாப்பா அது?"

"திறந்து பாரு!"

"சாவி உங்ககிட்ட இருக்கு."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது. "சுத்தியல் எடுத்துக் கதவை உடைடி!"

"அப்போலேருந்து அடிச்சிட்டிருக்கேன்பா! நீங்க கட்டின பெட்டி, எங்க உடையும்?" அவள் குரல் உடைந்தது.

கதவைப் பாதியில் தொங்க விட்டுவிட்டு வேனை எடுத்தான். வழியெல்லாம் எல்லாரையும் திட்டினான். முன்னால் போன பஸ்ஸை, சிக்னலை, வழுக்கிய சாலையை, குளிரை, மனைவியை. அவள் போட்ட ஓட்டையால்தான் குளிர் ஏறிவிட்டது என்று அப்போதும் மனதார நம்பினான்.

பூட்டைத் திறந்து கதவை இழுத்தான். மகள் சடக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உள்ளே சுவரெல்லாம் நீர்த்துளிகள் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தன. கரி கழுத்தை மேலே நீட்டி, வாயைத் திறந்து மூச்சுக்கு அலைந்தது. பஞ்சு அதன்மேல் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தது. கையில் எடுத்தபோது இரண்டின் வயிற்று மயிரும் நனைந்திருந்தது. குளிர் தாக்கவே இல்லை. உடம்பு சூடாகத்தான் இருந்தது.

கால்நடை டாக்டரம்மா வயதில் சின்னவர். கரியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், மூக்கில் பிராணவாயு பிடித்தார், ஊசி போட்டார். "எங்க வெச்சிருந்தீங்க?" என்றார்.

ஃப்ரீசர் சொன்னான். பேனலின் தடிமனைச் சொன்னான், ரப்பர் பட்டையைச் சொன்னான். "ஒரு சொட்டுக் குளிர் உள்ள போகாது டாக்டர். என் வீட்டுல ஒருத்தி ஓட்டை ஓட்டையா போட்டா. அதுலதான் வந்திருக்கணும்."

"அந்த ஓட்டைங்க இப்ப இருக்கா?"

"விடுவேனா? எல்லாத்தையும் அடைச்சிட்டேன்."

டாக்டரம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். "குளிர் இதுங்களை ஒண்ணும் பண்ணாது சார். இதுங்க போட்டிருக்கிற கம்பளி நம்மகிட்ட இல்ல. நனையாம, மேல காத்தடிக்காம, வைக்கோல்ல ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருந்தாப் போதும். இது மூத்திர நெடி. உள்ளயே நின்னு நுரையீரலை அரிச்சிருக்கு. நீங்க குளிருக்கு மூடல, நெடியை உள்ள வெச்சு மூடியிருக்கீங்க."

"நான் இருபத்தாறு வருஷமா கோல்ட் ரூம் கட்டறேன்," என்று ஃப்ரீசர் கத்தினான். கத்தியதில் பக்கத்து மேசையில் இருந்த பூனை பாய்ந்து அதன் சொந்தக்காரியின் தோளில் ஏறியது. "எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

டாக்டரம்மாவுக்கும் கோபம் வந்தது. "உங்க கோல்ட் ரூம்ல தொங்குற கறி மூச்சு விடாது சார். மூத்திரமும் போகாது. இது ரெண்டும் பண்ணும்."

மேசையில் கரி ஒருமுறை பின்னங்கால்களை உதைத்தது, இன்னொருமுறை உதைத்தது, அப்புறம் உதைக்கவில்லை. டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு எடுத்துவிட்டார். மகள் கரியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பஞ்சுவை இரண்டு நாள் இங்கேயே வைத்துப் பார்க்கலாம், பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா.

மதியம் மூன்று மணிக்கு மனைவி வீட்டுக்கு வந்தாள். மகள் சொல்லிப் பாதி வேலையில் கிளம்பி வந்திருந்தாள். ஃப்ரீசர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு துண்டில் சுற்றிய கரி. அவளைப் பார்த்ததும் பேசாமலிருந்த நாள் கணக்கெல்லாம் பறந்துபோனது.

"உனக்குத் தெரியும்ல? இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்கு ஒரேயடியாகப் பொங்கிவிட்டது.

"சொல்லலையா? நான் சொல்லலையா? ஈரத்தைக் கையில எடுத்துக் காட்டினேன். கண்ணு எரியுதுன்னு சொன்னேன். தலைபாடா அடிச்சிக்கிட்டேன். வாயால சொல்லி எடுபடலைன்னுதானே ஓட்டை போட்டேன்! மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் அடைச்சீங்க. அப்புறம் பூட்டு. வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கோம், சாவி உங்க சட்டைப் பையில! துணி துவைக்கிறவ சொன்னா உங்களுக்குக் கேக்காது, சரி. கூடப் பொறந்தவ எழுதிக் குடுத்ததையாவது படிச்சீங்களா?"

ஃப்ரிட்ஜிலிருந்து தாளை உருவினாள். காந்தம் தெறித்துத் தரையில் உருண்டது. மேசையில் அறைந்த வேகத்தில் கரியைச் சுற்றிய துண்டு விலகியது. அவளே அதை மெதுவாக இழுத்து மூடினாள்.

"ரெண்டு பக்கமும் படிங்க. பின்பக்கத்துல இருக்கிறது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்ல. அது அவ உங்களுக்குச் சொன்னது. அதனாலதான் படிங்க படிங்கன்னு உயிரை விட்டேன்."

அவன் படித்தான். முன்பக்கம் முழுக்க அவன் செய்யாதவை. துணி, மெத்தை வேண்டாம், வைக்கோல் போடு. தண்ணீர் உறைந்தால் மாற்று. இரண்டையும் பிரிக்காதே, ஒன்றுக்கு ஒன்றுதான் கணப்பு. மேலே காற்று வெளியே போக வழி வை. குளிர் தாங்கும், ஈரம் தாங்காது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

பின்பக்கத்தில் எழுத்து இன்னும் பொடியாக இருந்தது.

'இதையெல்லாம் ஏன் இவ்வளவு கண்டிப்பா எழுதறேன்னா, அந்தச் சாம்பல் முயல் குளிர்ல சாகல அண்ணா. நீ கதவை மூட மறந்தது நிஜம். ஆனா நான் ராத்திரி எழுந்து போய் மூடிட்டேன். குளிருமேன்னு பெட்டியைச் சுத்தி பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு, கயிறால இறுக்கிக் கட்டினேன். காலைல நான்தான் முதல்ல எழுந்தேன். ஷீட்டு உள்பக்கம் பூரா தண்ணி. அது செத்துக் கிடந்தது. பயந்துபோய் ஷீட்டை உருவி ஒளிச்சிட்டுக் கதவைத் திறந்து விட்டுட்டேன். அப்பா உன்னை அடிச்சப்ப நான் வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் திறக்கவே முடியல. முகத்தைப் பார்த்துச் சொல்ல வரல, அதான் எழுதறேன். படிச்சதும் போன் பண்ணித் திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு.'

இரண்டாவது தடவை படித்தான். ரத்தம் குபுகுபுவென்று தலைக்கு ஏறியது. முப்பத்தாறு வருஷம்! அப்பாவின் பெல்ட்டு, சுவரோரமாக நின்ற அந்த முகம், ஒவ்வொரு குளிர்காலமும் விழித்துக்கொண்டு படுத்திருந்தது, இந்தப் பாழாய்ப்போன பெட்டியை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டியது. போனை எடுத்தான். "இருங்க, இப்ப வேணாம்," என்றாள் மனைவி. அதையும் அவன் கேட்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே தங்கை எடுத்தாள். வணக்கமில்லை, நலம் விசாரிப்பில்லை.

"ஏன்டி? ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல? நான் கொன்னேன்னு நினைச்சிட்டிருந்தேன்டி! ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? என்னைப் பார்த்தா உனக்கு மனுஷனாத் தெரியலையா?"

மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அழாத அழுகை.

"திட்டு அண்ணா," என்றாள். "நல்லாத் திட்டு. ரெண்டு மாசமா இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். ஒவ்வொரு தடவை நீ போன் பண்ணும்போதும் இப்ப திட்டுவ, இப்ப திட்டுவன்னு பார்த்தேன். நீ முயலு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிடுவ. மன்னிச்சிட்டியாக்கும்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. அழுகையும் நின்றது.

"அண்ணா," என்றாள். குரல் மாறியிருந்தது. "நீ இப்பதான் படிச்சியா?"

அவன் தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

"அந்தத் தாளை இப்பதான் படிச்சியா? அப்ப இவ்வளவு நாளும்... பெட்டியை மூடி வெச்சியா? அண்ணா? மேல வழி விட்டியா?"

மனைவி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. பூட்டு கொண்டியில் தொங்கியது.

"என் முயலுங்க எங்க அண்ணா?"

"ஒண்ணு இருக்கும்மா," என்றான்.